பூனைக்கும் வரும் நகச்சுத்தி



ஆடு, மாடு, கோழி பற்றி நம் குழுக்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் பூனையைப் பற்றியது. "பூனைக்குப் போய் ஒரு பாடமா?" என்று சிரித்துவிட வேண்டாம். கோம்பைப் பக்கம் வீட்டில் தானிய மூட்டையும் தீவன மூட்டையும் இருந்தால் எலி வரும். எலிக்கு விஷம் வைக்காமல் காவல் காக்கிறது பூனைதான். அதன் ஆயுதமே நகம். நகம் புண்ணானால் எலி பிடிக்காது, மரம் ஏறாது, தெருநாய் விரட்டினால் தப்பிக்கவும் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கால் வலிக்கிற பூனையைக் குழந்தை தூக்கினால் அது பிறாண்டும், கடிக்கும். நாம் பாவப்பட்டுக் கொடுக்கிற ஒரு மாத்திரை பூனையைக் கொன்றும் விடலாம். ஆகவே இந்தப் பாடம் பூனைக்கு மட்டும் இல்லை, நம் வீட்டுக்கும்தான்.

நகச்சுத்தி என்றால் என்ன?

நமக்கு நகச்சுத்தி வந்தால் தெரியும். நகக்கண் சிவந்து வீங்கும், விண்விண்ணென்று தெறிக்கும், சீழ் கோர்க்கும். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்போம். அதே நோய்தான் பூனைக்கும் வருகிறது.

பூனைக்குப் பொதுவாக 18 நகம். முன்காலில் ஐந்து ஐந்து, பின்காலில் நான்கு நான்கு. நம் நகம் தோலில் பதிந்திருக்கும். பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்போடு சேர்ந்து வளர்கிறது. அதனால் நகக்கண்ணில் வந்த சீழைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு வரைக்கும் போய்விடும். மேலும் பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் புண் வெளியே தெரியாது. நாம் பார்க்கிறபோது நோய் முற்றியிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கவனியுங்கள்.

1. ஒரே காலைத் திரும்பத் திரும்ப நக்கும், கடிக்கும்.
2. நொண்டும். மேடையில் ஏறத் தயங்கும்.
3. ஒரு விரல் மட்டும் தடித்து, சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும்.
4. நகத்தின் அடியில் பழுப்பாக அழுக்கு, பொருக்கு அல்லது சீழ் இருக்கும். கெட்ட வாடை வரும்.
5. நகம் பிளந்து, ஆடி, அல்லது பாதி பிய்ந்து தொங்கும்.
6. காலைத் தொட்டாலே சீறும்.

இங்கே ஒரு விஷயம். பூனை சாக்கிலோ மரத்திலோ பிறாண்டும்போது நகத்தின் மேல் ஓடு கழன்று விழும். பிறைநிலா மாதிரி மெல்லிய ஓடு. அது நோய் இல்லை. பழைய ஓடு போய்ப் புது நகம் வருகிறது. அடியில் புண், இரத்தம், வீக்கம் இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லை.

பார்க்கிற முறை: பூனை தின்றுவிட்டுச் சோம்பலாகப் படுத்திருக்கும்போது பழைய துண்டால் கழுத்து வரை சுற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் பார்க்கலாம். ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து, விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். 18 நகத்தையும் எண்ணிப் பாருங்கள். திமிறினால் விட்டுவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

ஏன் வருகிறது?

ஒரே ஒரு விரலில் வந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த காரணம்தான். கருவேல முள் குத்தியிருக்கலாம். வேறு பூனையோடு சண்டை போட்டுக் கடி வாங்கியிருக்கலாம். நகம் துணியில் மாட்டிக் கிழிந்திருக்கலாம். அந்தக் காயத்தில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறது.

வயதான பூனைகளுக்கு இன்னொரு வகை உண்டு. அவை அதிகம் பிறாண்டாது. நகம் தேயாமல் வளைந்து வளர்ந்து, கடைசியில் உள்ளங்கால் மெத்தையிலேயே குத்தி இறங்கிவிடும். மீன்முள் தொண்டையில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் குத்தும். மருந்து மட்டும் போட்டால் இது ஆறாது. நகத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

படர்தாமரைக் கிருமியும் நகத்தில் வரும். நகம் உளுத்து, நொறுங்கி, கோணலாக வளரும். முகத்திலோ காதிலோ வட்டமாக முடி கொட்டியிருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பல விரல்களில், இரண்டு மூன்று கால்களில் ஒரே சமயத்தில் வந்தால் அது முள் குத்தியது இல்லை. உடம்புக்குள்ளே நோய் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குகிற ஒரு நோயில், நகக்கண் எல்லாம் தயிர்த்திப்பி மாதிரி கெட்டியான கசிவு வரும். சர்க்கரை நோய், சில வைரஸ் நோய்கள் இருந்தாலும் நகக்கண் அடிக்கடி பழுக்கும். வயதான பூனைக்கு ஒரு விரல் வீங்கி, மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் புற்றுநோயாகவும் இருக்கலாம். நுரையீரலில் வந்த கட்டி பூனையின் விரல்களுக்குப் பரவுவது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

ஆகவே இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்: ஒரு விரல் என்றால் காயத்தைத் தேடு. பல விரல் என்றால் மருத்துவரைத் தேடு.

சிலர், "இது கோமாரியா, மாட்டுக்கு ஒட்டுமா?" என்று கேட்கிறார்கள். ஒட்டாது. கோமாரி என்பது மாடு, ஆடு, பன்றி போன்ற பிளந்த குளம்புள்ள பிராணிகளின் நோய். மாட்டுக்கு வாயிலும் காலிலும் சேர்ந்து புண் வந்தால் அது வேறு; உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்ல வேண்டும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டாம்.

வீட்டில் செய்யும் முதலுதவி

சிறு வீக்கம்தான், பூனை நன்றாகத் தின்கிறது என்றால் இதைச் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அதில் தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்பு. வெதுவெதுப்பாக இருக்கும்போது காலை ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள், அல்லது சுத்தமான துணியை நனைத்து ஒற்றடம் கொடுங்கள். பிறகு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். தினமும் காலை, மாலை இரண்டு வேளை.

நகம் பிய்ந்து இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. தொங்குகிற நகத்தை நாமே பிடுங்கவும் கூடாது.

இரண்டு நாளில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், தீனி எடுக்காமை, காலை ஊன்றாமை, உள்ளங்காலில் இறங்கிய நகம் ஆகியவை இருந்தால் இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எதைச் செய்யவே கூடாது?

சகோதரிகளே, இந்தப் பகுதியைக் கூட்டத்தில் இரண்டு முறை வாசியுங்கள்.

பூனைக்குப் பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கக் கூடாது. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்த மருந்தைக் கழிக்கிற வசதி பூனையின் ஈரலில் இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். மூச்சு வாங்கும். முகமும் பாதங்களும் வீங்கும். இதில்தான் ஆபத்து. "கால் வீக்கம் இன்னும் கூடிப்போச்சே" என்று இரண்டாவது மாத்திரையையும் கொடுத்துவிடுவோம். தெரியாமல் கொடுத்துவிட்டால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம்.

ஒரு பிராணிக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷமாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் நடந்திருக்கிறது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் மத்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது.

பூனை தன் காலை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி. காலில் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போகும். ஆகவே மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பினாயில், டெட்டால் எதுவும் வேண்டாம். மாட்டுக்கு உண்ணி போக அடிக்கிற மருந்தைப் பூனைக்குப் பூசக் கூடாது. வலிப்பு வந்து செத்துப்போகும். நாய்க்கு எழுதிக் கொடுத்த மருந்தையும் கொடுக்கக் கூடாது. எலுமிச்சம்பழ வைத்தியமும் வேண்டாம். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பூனைக்கு ஆகாது.

மருத்துவர் என்ன செய்வார்?

புண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்து, கிருமியா, படர்தாமரையா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து நகத்தை வெட்டுவார், முள்ளை எடுப்பார். மருந்து எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாளும் கொடுக்க வேண்டும். வீக்கம் வடிந்ததும் நிறுத்தினால் கிருமி பழகிக்கொண்டு திரும்ப வரும். படர்தாமரை என்றால் வாரக்கணக்கில் ஆகும். நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி வளையம் மாட்டுவார். பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள்.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் காட்டலாம். சில மருந்தை வெளியில் வாங்க வேண்டி வரலாம். மேல்சிகிச்சைக்கு இப்போது நம் தேனி மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூடி போட்ட கூடையில் துணி விரித்துக் கொண்டுபோனால் வழியில் தப்பி ஓடாது.

"நகத்தையே எடுத்துவிட்டால் தொல்லை இல்லையே" என்று கேட்பவர்களும் உண்டு. நகத்தோடு எலும்பும் போகும் என்பதால், அது விரலை வெட்டுகிற மாதிரி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்துவிட்டது. நோய்க்காக மருத்துவர் எடுக்கச் சொன்னால் ஒழிய வேண்டாம்.

நம் ஊர் நாய்க்கும் இதே கவனிப்பு

கோம்பை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். 2020 ஆகஸ்ட் 30-ம் தேதி பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பை நாயின் பெயரையும் சொன்னார். பேர் பெற்ற நாய், ஆனால் அதன் காலைத் தூக்கிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

நாயின் முன்காலில் உட்பக்கம் சற்று மேலே ஒரு நகம் இருக்கும். அது தரையில் படாது. அதனால் தேயாமல் வளைந்து சதையில் இறங்கும். சங்கிலியில் கட்டியே வைத்த நாய்க்கு மற்ற நகங்களும் தேயாது. விரல் இடுக்கில் உண்ணியும் முள்ளும் தங்கும். வாரம் ஒருமுறை நாலு காலையும் விரித்துப் பாருங்கள். நகம் வெட்டுவதானால் நுனி மட்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக் குழாய். அதைத் தொடக் கூடாது. கறுப்பு நகத்தில் குழாய் தெரியாது, ஆகவே மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் பாதுகாப்பு

புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படர்தாமரை உள்ள பூனையைக் குழந்தையோடு படுக்க விடாதீர்கள். அது மனிதருக்கும் ஒட்டும். குழந்தையின் தோலில் வட்டமாக அரிப்பு வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட வேண்டாம். அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், நோய் பரவிக்கொண்டே போகும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் இல்லை, பூனையிடமிருந்தும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது அரிது. ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். "கொஞ்சம் கீறல்தானே, நாளைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புக்குப் போகணும்" என்று தள்ளிப் போடாதீர்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும். வளர்க்கிற நாய்க்கும் பூனைக்கும் மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வையுங்கள்.

வராமல் தடுக்க

ஒரு கட்டையில் பழைய சாக்கைச் சுற்றி மூலையில் நட்டு வையுங்கள். பூனை அதில் பிறாண்டி நகத்தைத் தேய்த்துக்கொள்ளும். நம் சேலையும் பாயும் தப்பும். படுக்கிற இடம் ஈரமில்லாமல் இருக்கட்டும், சாக்கை வெயிலில் காயப் போடுங்கள். வயதான பூனையின் நகத்தை மாதம் இருமுறையாவது பாருங்கள்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் பூனை, நாய் இருக்கிறது? எத்தனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று?
2. ஒரு விரலில் புண் வருவதற்கும் பல விரல்களில் வருவதற்கும் என்ன வித்தியாசம்?
3. பூனைக்கு ஏன் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது? இதை நம் வீட்டில் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்?
4. ஊருக்கே சேர்த்து ஒரு நாள் தடுப்பூசி முகாம் போட்டுத் தரக் கேட்டுக் கால்நடை மருத்துவருக்கு மனு கொடுக்கலாமா?

நாலாவது கேள்விக்குச் சம்மதம் என்றால் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மனு எழுத நாங்களும் கூட இருக்கிறோம்.