சொல்லும் வரலாறும்: ஒஸ்ட்ரசிசம்

மாணவர்களே, ஆங்கிலப் பந்திகளை வாசிக்கும்போது ஒஸ்ட்ரசிசம் என்னும் சொல்லை நீங்கள் சந்திக்க நேரலாம். ஒருவரைக் குழுவிலிருந்து ஒதுக்கிவைத்தல் என்பது அதன் பொருள். பொருளை மட்டும் மனனஞ் செய்தால் மறந்துவிடும். சொல் பிறந்த கதையையும் அறிந்தால் மனதில் நிற்கும்.

1. சொற்பிறப்பு

இதன் மூலம் ஒஸ்ட்ரகோன் என்ற கிரேக்கச் சொல்லாகும். அது உடைந்த மட்பாண்டத் துண்டையும் குறிக்கும். சிப்பி, ஆமை முதலியவற்றின் ஓட்டையும் குறிக்கும். தமிழில் 'ஓடு' என்பதும் இவ்விரு பொருளையும் தருவதை நோக்குக.

2. வரலாறு

பண்டைய ஏதென்ஸ் நகரில், ஒருவர் அளவுக்கு மீறிச் செல்வாக்குப் பெற்றுச் சர்வாதிகாரியாகிவிடுவாரோ என்ற அச்சம் நிலவியது. அதனால் ஆண்டுக்கொருமுறை வாக்கெடுப்பு வேண்டுமா என மக்கள் சபையிடம் கேட்கப்பட்டது. வேண்டுமெனில், பின்னர் ஒரு நாளில் குடிமக்கள் தாம் வெளியேற்ற விரும்புபவரின் பெயரை ஓட்டுத்துண்டில் கீறி இட்டனர். குறைந்தது 6000 ஓடுகள் சேரவேண்டும். கூடிய வாக்குகள் பெற்றவர் 10 நாட்களுக்குள் நகரை விட்டு நீங்கி, 10 ஆண்டுகள் வெளியே வாழவேண்டும். இம்முறை கி.மு. 487 இல் முதன்முதலாகப் பயன்பட்டது.

இங்கு குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, பதிலளிக்க வாய்ப்பும் இல்லை. கி.மு. 482 இல் வெளியேற்றப்பட்ட அரிஸ்டைடிஸ் 'நீதிமான்' எனப் பெயர் பெற்றவர். எழுதத் தெரியாத ஒருவர், அவரை யாரென்று அறியாமல், அரிஸ்டைடிஸின் பெயரை எழுதித் தரும்படி அவரிடமே ஓட்டை நீட்டினாராம். காரணம் கேட்டபோது, எங்கும் அவரை நீதிமான் என்று சொல்வதைக் கேட்டுச் சலித்துவிட்டது என்றாராம். அரிஸ்டைடிஸ் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்று புளூட்டாக் கூறுகிறார்.

ஏதென்ஸில் ஒரு கிணற்றிலிருந்து தெமிஸ்டொக்கிளிஸ் என்னும் தலைவரின் பெயர் பொறித்த ஏறத்தாழ 190 ஓடுகள் கிடைத்தன. அவற்றில் 14 பேரின் கையெழுத்துகளே காணப்பட்டன. வாக்காளருக்கு வழங்குவதற்கெனச் சிலர் முன்கூட்டியே எழுதி வைத்தவை அவை என ஆய்வாளர் கருதுகின்றனர்.

3. இன்றைய பொருள்

இன்று ஓடும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. வகுப்பில் ஒருவரோடு எவரும் பேசாது விடுவதும் ஒஸ்ட்ரசிசமே. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஏதென்ஸில் வெளியேற்றப்பட்டவரின் சொத்தும் குடியுரிமையும் பறிக்கப்படவில்லை. அவர் திரும்பும் நாளும் குறிக்கப்பட்டிருந்தது. நாம் ஒருவரை ஒதுக்கும்போது அப்படியொரு நாளைக் குறிப்பதில்லை.

கவனத்திற்கு: சிப்பியைக் குறிக்கும் ஒயிஸ்டர் இச்சொல்லுக்கு உறவானது. தீக்கோழியைக் குறிக்கும் ஒஸ்ட்ரிச், ஒலியில் ஒத்திருப்பினும், உறவற்றது.

பயிற்சி

1. ஒஸ்ட்ரகோன் என்பதன் இரு பொருள்களையும் தருக.
2. இம்முறை ஏதென்ஸ் மக்களுக்கு அளித்த பாதுகாப்பு ஒன்றையும், அதனால் நேரக்கூடிய அநீதி ஒன்றையும் உதாரணத்துடன் விளக்குக.