விரத நேரத்தில் தாடை ‘டிக்’ என்றால்

16 மணி நேரம் பட்டினி, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று ஆரம்பித்தவர்களில் சிலர், கொஞ்ச நாளிலேயே என்னிடம் வந்து காதுக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டுகிறார்கள். “இங்க சொடக்கு விழுது டாக்டர். விரதத்தை விட்டுடணுமா?” பெரும்பாலும் விட வேண்டியதில்லை. பட்டினி நேரடியாகத் தாடை மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் வயிறு காலியாக இருக்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை. கோளாறு அங்கேதான்.

முதலில் மூன்று விரல் சோதனை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்து, வலியும் இல்லையென்றால் சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். தாடை எலும்பின் உருண்டை முனைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் ஒரு சின்னக் குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. அது சற்று முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது உருண்டை அதன்மேல் ஏறும். பெரும்பாலும் அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்பது. ஆயுசு முழுக்க அதோடு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள் ஏராளம்.

இரண்டு விரல்தான் போகிறதா, திறந்த வாய் மூட மறுக்கிறதா? வீட்டு வைத்தியம் வேண்டாம், பல் மருத்துவரிடம் போங்கள். பசியை அடக்கப் பாக்கு மெல்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் விறைத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால் அது மூட்டுப் பிரச்சினை அல்ல. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. நடக்கும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலி, கூடவே புதிதாகத் தலைவலி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். கன்னத்தில், தாடை மூலைக்குச் சற்று மேலே இரண்டு கையையும் வைத்துப் பல்லைக் கடியுங்கள். கட்டி போல ஒன்று புடைக்கிறதல்லவா? அந்தச் சதை, சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். மற்ற நேரமெல்லாம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. இதைச் சொன்னால், “நான் பல்லைக் கடிக்கிறதே இல்லையே” என்று பல்லைக் கடித்துக்கொண்டே பதில் சொல்வார்கள்! பசி, எரிச்சல், ஆபீஸ் அவசரம் மூன்றும் சேரும் காலை 11 மணிக்குத் தன்னைத்தானே கவனித்தால்தான் தெரியும். வெறும் வயிற்றில் ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள், கன்னத்தை நெருக்கும் ஹெல்மெட்டோடு சிக்னலில் நிற்கிறவர்கள் அந்த நேரத்தில் பார்க்கட்டும்.

பல்லைப் பிரித்து வையுங்கள் என்றால் பலரும் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவார்கள். அதுவும் சதைக்கு வேலைதான். வழி எளிது. ‘அன்னம்’ என்று சொல்ல ஆரம்பித்து, ‘ன்’ வந்ததும் நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், ஈறு மேட்டில் நிற்கும். (‘ந’ சொன்னால் நாக்கு பல்லிலேயே முட்டும், அது வேண்டாம்.) நாக்கை அங்கேயே விட்டு, உதட்டை மெல்ல மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள். பல் தானாக விலகி நிற்கும். மறக்காமல் இருக்க ஆப் எதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கி, போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, வண்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒன்று ஒட்டுங்கள். பொட்டு கண்ணில் பட்டதும் ‘ன்’. நாலு நாளில் அலுத்துக் கிழித்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று வாரமாவது இருக்கட்டும்.

நாக்கை அதே இடத்தில் வைத்தபடி, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது நல்ல பயிற்சி. கண்ணாடி முன் தாடை நேராக இறங்குகிறதா என்று பார்த்து, ஒரு வேளைக்குப் பத்து முறை. சொடக்கு விழும் முன்பே நிறுத்திவிடுங்கள். சத்தம் இன்னும் வருகிறதா என்று நாள் முழுக்கத் தாடையை ஆட்டிப் பார்ப்பது, விரலைச் சொடுக்குவது போலத் தாடையைப் பக்கவாட்டில் தள்ளி நெட்டி முறிப்பது, இரண்டும் அறவே கூடாது. மூட்டைச் சும்மா விட்டாலே பாதி சரியாகும்.

சுயிங் கம் நிறுத்தம். சர்க்கரை இல்லாத கம் விரதத்தைக் கலைக்காது என்று வாதாடலாம், தாடைக்கு அது மணிக்கணக்கில் கூலி இல்லாத வேலை. கடுங்காப்பி இரண்டு டம்ளரோடு போதும், தண்ணீர் தாராளமாக.

விரதம் முடிக்கும் முதல் வாய் இட்லியாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். புரதக் கணக்குப் போடுகிறவர்கள் சண்டைக்கு வந்தால் அவித்த முட்டை இரண்டு சேர்த்துக்கொள்ளட்டும். பசி வெறியில் ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்து இழுப்பது, தட்டை, முறுக்கைக் கடைவாயில் நொறுக்குவது, முழுக் கொய்யாவை அகலத் திறந்து கடிப்பது எல்லாம் தாடை ஆறும்வரை ஓரமாக இருக்கட்டும். பாதாமை ஊற வைத்துச் சாப்பிடுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். கொட்டாவி வந்தால் முஷ்டியால் மோவாயைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

சதை வலித்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, பொறுக்கும் சூட்டில், கால் மணி நேரம் ஒற்றுங்கள். வலி மாத்திரையைப் பட்டினி நேரத்தில் போடாதீர்கள். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் செய்து வலி குறையவில்லையா? மற்ற எதையும் மாற்றாமல், 16 மணி நேரத்தை 12 ஆக்கி இரண்டு வாரம் பாருங்கள். குறைந்தால் உங்கள் உடம்புக்கு அந்த நீண்ட பட்டினி ஒத்துவரவில்லை. குறையாவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். இரவில் பல் கடிக்கிறவர் என்றால் அளவெடுத்து ஒரு கவசம் செய்து தருவார், தூங்கும்போது மாட்டிக்கொள்ளலாம். வெறும் சத்தத்தை நிறுத்துவதற்காகப் பல்லை ராவ வேண்டும், கம்பி கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ராவிய பல் திரும்ப வளராது.