தோளைப் பிடித்து வைக்கும் நான்கு தசைகள்

மாணவர்களே, பேருந்தில் நின்றபடி பயணம் செய்கிறீர்கள். மேலே உள்ள கைப்பிடியைப் பிடிக்கக் கையை உயர்த்துகிறீர்கள். பாதி உயரத்தில் தோளில் சுருக்கென்று ஒரு வலி. இன்னும் சற்று உயர்த்தினால் வலி குறைந்துவிடுகிறது. "நேற்று ஜிம்மில் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான்" என்று நினைத்துக்கொள்கிறீர்கள். மறுநாளும் பயிற்சிக்குப் போகிறீர்கள்.

மூன்று வாரம் கழிகிறது. அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றும்போது வலிக்கிறது. அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. பயிற்றுநரிடம் சொன்னால் பெயரை எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் எதையும் சொல்லாமல் இருக்கிறீர்கள்.

எடை தூக்குபவர்களின் தோளில் சிறிய காயம் பெரிதாவது பெரும்பாலும் இப்படி மறைக்கும்போதுதான். இந்த வலி எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் குணமாக்குவது என்று இந்த வாரம் பார்ப்போம்.

கரண்டியும் எலுமிச்சையும்

பள்ளி விளையாட்டு விழாவில் எலுமிச்சை–கரண்டி ஓட்டம் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் குழி குறைவு. அதனால் எலுமிச்சை எந்தப் பக்கமும் உருளும். நம் தோள் மூட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் அமைந்திருக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டையான தலைதான் எலுமிச்சை. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமில்லாத குழிதான் கரண்டி. எந்த நேரத்திலும் அந்த உருண்டையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதியே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இடுப்பு மூட்டு வேறு வகை. அங்கே உருண்டை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இடுப்பு உறுதியானது. ஆனால் காலைக் கைபோல எல்லாத் திசையிலும் சுழற்ற முடியாது. தோள் சுதந்திரமாக அசைகிறது. அதற்கு விலையாக உறுதியை இழக்கிறது.

அந்த உறுதியை ஈடுகட்டுபவை நான்கு தசைகள். தோள்பட்டை எலும்பில் தொடங்கி, மேற்கை எலும்பின் தலையை மேலும் முன்னும் பின்னுமாகச் சூழ்ந்து பிடிக்கின்றன. சட்டைக்கையின் நுனிப்பட்டை மணிக்கட்டைச் சுற்றுவதுபோல் இவை எலும்பைச் சுற்றுவதால் இத்தொகுதிக்கு 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர். தமிழில் சுழல் தசைப்பட்டை எனலாம். மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். பின்புறம் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர். முன்புறம் சப்ஸ்கேபுலாரிஸ்.

இவற்றில் ஒன்றை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்குங்கள். இடது கையை எட்டும் அளவுக்கு வலது தோளின் பின்புறம் வையுங்கள். இப்போது வலது முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல் மெல்ல வெளிப்பக்கம் திருப்புங்கள். விரல்களுக்கு அடியில் இறுகுவது இன்ஃப்ராஸ்பைனேட்டஸ்.

கையைத் தூக்கும் பெரிய வேலையைத் தோளின் மேல் தெரியும் டெல்டாய்டு தசை செய்கிறது. ஆனால் அது சுருங்கத் தொடங்கும்போது எலும்பின் தலையை மேல்நோக்கியும் இழுக்கிறது. மேலே, தோள்முனையில் ஓர் எலும்புக் கூரை உண்டு. இடையில் இருப்பது சுமார் 1 செ.மீ. இடைவெளிதான். அதற்குள்தான் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாணும், உராய்வைக் குறைக்கும் ஒரு திரவப் பையும் இருக்கின்றன. டெல்டாய்டு மேலே இழுக்கும் அதே நேரத்தில் சுழல் தசைப்பட்டை உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்க வேண்டும். டெல்டாய்டு எவ்வளவு வளர்ந்தாலும், அழுத்திப் பிடிக்கும் தசைகள் களைத்துவிட்டால் எலுமிச்சை கரண்டியில் நிற்காது.

5 கிலோ எப்படி 100 கிலோ ஆகிறது?

இயற்பியல் பாடத்தில் படித்த திருப்புத்திறனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விசையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும்.

5 கிலோ டம்பெல் ஒன்றைக் கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டிப் பிடிக்கிறீர்கள். அதன் எடை ஏறக்குறைய 50 நியூட்டன். தோள் மூட்டிலிருந்து உள்ளங்கை வரை 60 செ.மீ. என்று கொள்வோம். திருப்புத்திறன் 50 × 0.6 = 30 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்ய வேண்டிய தசைகளோ மூட்டின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கின்றன. ஆக, 30 ÷ 0.03 = 1,000 நியூட்டன் தேவை. அது 100 கிலோ பொருளின் எடைக்குச் சமம். கையின் சொந்த எடையை இதில் சேர்க்கவே இல்லை.

இதே டம்பெல்லை முழங்கையை மடக்கி உடலுக்கு அருகில் பிடித்தால் தூரம் பாதியாகிறது. தேவைப்படும் விசையும் பாதியாகிறது. "சின்ன எடைதானே" என்று சொல்வதற்கு முன், அது தோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

தசை விரைவில் பழகும், தசைநாண் மெதுவாகப் பழகும்

தசையை எலும்போடு இணைக்கும் வெண்மையான கயிறு போன்ற பகுதியே தசைநாண். இதைத்தான் டெண்டன் என்கிறோம். அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகள். தசையோடு ஒப்பிட்டால் இதில் இரத்த ஓட்டமும் உயிரணுக்களும் மிகக் குறைவு. அதனால் சேதத்தைச் சரிசெய்யும் வேலை மெதுவாகவே நடக்கும்.

இங்கேதான் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். புதிதாகப் பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் தூக்கும் எடை விறுவிறுவென ஏறுகிறது. நரம்புகளும் தசைகளும் விரைவில் பழகிவிட்டன. தசைநாண் பழகுவதற்கோ பல மாதங்கள் தேவை. அந்த இடைவெளியில், தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமை தினமும் விழுந்தால் இழைகள் சீர்குலையத் தொடங்குகின்றன. வலி வருகிறது. தொடர்ந்து கவனிக்காமல் விட்டால் பகுதிக் கிழிவு ஏற்படலாம்.

முழுக் கிழிவு பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. பதின்ம வயதில் அரிது. ஆனால் உங்கள் வயதில் இன்னோர் ஆபத்து உண்டு. மேற்கை எலும்பின் மேல்முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அந்த எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு அங்கேதான் நடக்கிறது. வளர்ச்சி முடியும் வரை அது குருத்தெலும்பாகவே இருப்பதால், திரும்பத் திரும்ப விழும் சுமையில் அதுவும் காயப்படக்கூடும். எனவே, வளரும் வயதில் நீடிக்கும் தோள்வலியை "தசைப்பிடிப்பு" என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

சாதாரண வலியா, எச்சரிக்கையா?

கடினமான பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி இயல்பானது. அது மறுநாள் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானே அடங்கும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தசையை அழுத்தினால் பரவலாக வலிக்கும்.

சுழல் தசைப்பட்டையின் வலி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

• பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். தோள் மூட்டில் பிரச்சினை இருந்தாலும் மேற்கையின் வெளிப்புறத்தில் வலி தெரியும்.
• கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறக்குறைய 60 முதல் 120 பாகைக்குள் வலி கூடும். அதைத் தாண்டினால் குறையும். பேருந்துக் கைப்பிடியை எட்டும்போது வந்த வலியை நினைத்துப் பாருங்கள்.
• அந்தப் பக்கம் படுத்தால் உறக்கம் கலையும்.
• முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவதும், தலைக்கு மேல் எடையை உயர்த்துவதும் கடினமாகும்.
• முன்கையை வெளிப்பக்கம் திருப்பும்போது மற்றக் கையைவிட வலுவிழந்து இருக்கும்.

இவற்றில் சில இருந்து, இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் பெற்றோரிடமும் பயிற்றுநரிடமும் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். 'டப்'பென்று ஏதோ அறுந்த உணர்வு, கையை உயர்த்தவே முடியாமை, தோளின் வடிவம் மாறுதல், கை மரத்துப் போதல், காய்ச்சலோடு வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் முதலில் கையைப் பல கோணங்களில் அசைத்துச் சோதிப்பார். எக்ஸ்ரே எலும்பையும் வளர்ச்சித் தட்டையும் காட்டும், தசைநாணைக் காட்டாது. தசைநாணைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

கத்தியா, பயிற்சியா?

1972இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்ல்ஸ் நீர், தோள்முனை எலும்பு தசைநாணை உரசுவதே இவ்வகை வலிக்கு முக்கியக் காரணம் என்று விளக்கினார். அந்த எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை சிகிச்சை பின்னர் உலகெங்கும் பரவியது. அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. பெரியவர்களான நோயாளிகளில் ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, செதுக்காமலேயே மூடினார்கள். 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, இரு குழுவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முழுவதும் கிழிந்த தசைநாணைத் தைக்கும் அறுவை சிகிச்சை வேறு. அதற்கு இன்றும் தேவை உண்டு. ஆனால் கிழிவில்லாத பெரும்பாலான தோள்வலிக்கு முதல் மருந்து, படிப்படியான உடற்பயிற்சியே.

மீண்டு வரும் நான்கு படிகள்

முதல் படி, அமைதிப்படுத்துதல். வலி தரும் பயிற்சிகளை மட்டும் நிறுத்துங்கள். கழுத்துக்குப் பின்னால் எடையை இறக்குவது, முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி எடையை இழுப்பது ஆகியவை முதலில் விலக்க வேண்டியவை. கால், வயிற்றுத் தசைப் பயிற்சிகளைத் தொடரலாம். மருத்துவர் சொல்லாமல் கையைத் தூளியில் கட்டி வைக்காதீர்கள். அசையாத தோள் விறைத்துவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு எடை தூக்குவது, தீ எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிட்டுச் சமைப்பதற்குச் சமம்.

இரண்டாம் படி, அசையாமல் தள்ளுதல். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கி, புறங்கையால் சுவரை மெல்லத் தள்ளுங்கள். கை நகரக் கூடாது. தசை மட்டும் இறுக வேண்டும். சுமார் 30 விநாடி பிடித்து, விட்டு, சில முறை செய்யலாம்.

மூன்றாம் படி, அசைத்து வலுவூட்டுதல். ரப்பர் பட்டையைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கமும் உட்பக்கமும் மெல்லத் திருப்புவது, பட்டையை மார்பை நோக்கி இழுப்பது, சுவரில் கையூன்றித் தள்ளுவது ஆகியவை இதில் அடங்கும். தோள்பட்டை எலும்பை நகர்த்தும் முதுகுத் தசைகளும் வலுப்பெற வேண்டும். கரண்டி பிடிக்கும் கை நடுங்கினால் எலுமிச்சை எப்படி நிற்கும்?

நான்காம் படி, எடைக்குத் திரும்புதல். பழைய எடையில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகள் கடைசியில் வரட்டும்.

எல்லாப் படிக்கும் ஒரே அளவுகோல் உண்டு. பூச்சியம் முதல் பத்து வரையிலான வலி அளவில், பயிற்சியின்போது மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் வலி முந்தைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றைய சுமை அதிகம் என்று பொருள். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். இந்தப் படிகளை இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதே பாதுகாப்பு.

ஒரு வீராங்கனையின் தோள்

இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவுக்கும் தோள், முதுகுப் பிரச்சினைகள் இருந்தன. அவருக்கு ஏற்பட்டது தசைநாண் கிழிவு என்று சொல்ல வரவில்லை. அவர் செய்த முடிவைத்தான் கவனிக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்த 2020ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அமெரிக்காவுக்குச் சென்று, முன்னாள் பளுதூக்கும் வீரரும் இயன்முறை மருத்துவருமான ஆரன் ஹோர்ஷிக்கிடம் தம் தசைச் சமநிலையைச் சரிசெய்துகொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் 'கிளீன் அண்ட் ஜெர்க்' முறையில் 119 கிலோ தூக்கி, 49 கிலோ பிரிவில் உலகச் சாதனை படைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார்.

ஒலிம்பிக் போட்டிக்கு முன்பு அவரே தம் தோளுக்காக நேரம் ஒதுக்கினார். பள்ளிப் போட்டிக்கு முன்பு நீங்கள் ஒதுக்கினால் குறைந்துபோகமாட்டீர்கள். ஒரு போட்டியைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு இன்னொன்று வரும். பயிற்றுநரிடம் "தோள் வலிக்கிறது, ஐயா" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. 4 கிலோ எடையைத் தோளிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் பிடித்தால், 3 செ.மீ. தூரத்தில் இழுக்கும் தசைகள் எத்தனை நியூட்டன் விசை கொடுக்க வேண்டும்?
2. இடுப்பு மூட்டைவிடத் தோள் மூட்டு எளிதில் நழுவுவது ஏன்?
3. உங்கள் நண்பருக்கு ஒரு தோளில் மட்டும் மூன்று வாரமாக வலி, இரவில் கூடுகிறது. அவரிடம் என்ன சொல்வீர்கள்? ஏன்?