வில்லை தேடி வந்திருப்பவர்களுக்குச் சில சொற்கள்

1. ஹபிள் படங்களை மறந்துவிட்டு வாருங்கள். விண்மீன்திரள் கொத்துகளைச் சுற்றி வளைந்து கிடக்கும் அந்த ஒளிக்கீற்றுகள் நம் துறையில் கிடையாது. நாம் பார்ப்பது பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பிய நுண்ணலைப் பின்னணி ஒளி. வழியில் உள்ள கரும்பொருள் திரள்களின் ஈர்ப்பு, வில்லை போல, அதைச் சுமார் 2.5 ஆர்க்மினிட் விலக்குகிறது. முழு நிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. விலகாத வானத்தின் படம் யாரிடமும் இல்லாததால், அந்த ஒளியின் சூடான அல்லது குளிர்ந்த புள்ளி ஒன்றைச் சுட்டி 'இது நகர்ந்தது' என்று சொல்ல வழியே இல்லை.

2. பிறகு எதை அளக்கிறோம்? வில்லை இல்லாத வானத்தில் புள்ளிகளின் சராசரி அளவும் வடிவமும் எல்லாத் திசையிலும் ஒன்றே. வில்லை குறுக்கிட்டால் ஒரு வட்டாரத்தில் அவை சற்றுப் பெருத்தும், பக்கத்தில் சற்றுச் சிறுத்தும், வேறோரிடத்தில் ஒரு பக்கமாக இழுபட்டும் இருக்கும். வெய்ன் ஹூவும் டகேமி ஒகமோட்டோவும் 2002இல் தந்த மதிப்பீட்டுச் சூத்திரம் இதைத்தான் பிடிக்கிறது. நிரலை ஓட்டும் முன் அதை ஒருமுறை தாளில் கையால் தருவித்துப் பாருங்கள். ஒரு வாரம் போகும், போகட்டும்.

3. வில்லை ஒளியை இடம் மாற்றும். அதன் வெப்பநிலையைத் தொடாது.

4. உங்கள் காலத்தில் பெரும்பகுதி வில்லை அல்லாதவற்றைக் கழிப்பதில்தான் போகும். வானம் எங்கும் ஒருபோல இருப்பதைக் குலைக்கும் எதுவும் அந்தச் சூத்திரத்துக்கு வில்லையாகவே தெரியும். பால்வீதியை மறைக்க நாம் போடும் மாஸ்க்கின் ஓரம் வில்லை போல நடிக்கும். தொலைநோக்கி ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் பார்த்ததால் வரும் இரைச்சலும் நடிக்கும், தூசியும் நடிக்கும். நூற்றுக்கணக்கான சிமுலேஷன்களை ஓட்டி அந்தப் போலியின் சராசரியைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் விடாதீர்கள். தரவைப் பாதியாகப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம் வருகிறதா பாருங்கள். அலைவரிசைகளை மாற்றியும் பாருங்கள். அட்டகாமா தொலைநோக்கிக் குழு 2023இல் வெளியிட்ட 43 சிக்மா வில்லை அளவீட்டைப் பலரும் மெச்சுகிறார்கள். எனக்குப் பிடித்தது, இந்தச் சோதனைகள் தேறும்வரை அவர்கள் விடையைத் திறந்து பார்க்காமல் இருந்தது.

5. தனியாக முடியாதபோது துணை தேடுங்கள். டபிள்யூமேப் செயற்கைக்கோளின் வரைபடத்தில் இரைச்சல் அதிகம். அதை மட்டும் வைத்து வில்லையைக் காண முடியவில்லை. 2007இல் கென்ட்ரிக் ஸ்மித், ஆலிவர் சான், ஆலிவியே டோரே மூவரும் அதை ரேடியோ விண்மீன்திரள் பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டு முதல் தடயத்தைப் பிடித்தார்கள். இரண்டு கருவிகளின் இரைச்சலுக்கும் உறவில்லை என்பதே அந்த முறையின் பலம். துணையில்லாமல் அளக்க 2011 ஆயிற்று, அதுவும் அட்டகாமாவில்தான்.

6. ஆதி ஈர்ப்பலைகளைத் தேடுகிறவர்களோடு நல்லுறவு வைத்துக்கொள்ளுங்கள். வில்லை, பின்னணி ஒளித் தளவிளைவின் ஈ-மோடைக் கொஞ்சம் அவர்கள் தேடும் பி-மோடாகத் திருப்பிவிடும். 2013இல் தென்துருவத் தொலைநோக்கி முதலில் கண்ட பி-மோடு இந்த வகைதான். அவர்களுக்கு நம் சிக்னல் குப்பை, அள்ளிக் கொட்ட வேண்டியது. அள்ளுவதற்கு நம் வரைபடம்தான் தேவைப்படும்.

7. ஒரே வில்லையை இரு வழியில் அளந்தால் இரு விடை வரலாம். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 தரவில், வில்லையால் திறன் நிறமாலைச் சிகரங்கள் மழுங்கியிருக்கும் அளவு எதிர்பார்த்ததைவிட 18 விழுக்காடு கூடுதலான வில்லையைக் காட்டியது. அதே தரவிலிருந்து நேரடியாக மீட்டெடுத்த வில்லை வரைபடத்தில் அந்தக் கூடுதல் இல்லை. இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் ஆசை வரும். முதலில் அந்த இரு அளவீடுகளின் கட்டுரைகளையும் முழுதாகப் படியுங்கள்.

8. நியூட்ரினோ எடைக்கு அவசரப்படாதீர்கள். மூன்று நியூட்ரினோக்களின் கூட்டு எடை கூடினால் திரள்கள் மெலியும், வில்லை குறையும், கணக்கு அவ்வளவுதான். நியூட்ரினோ அலைவுச் சோதனைகள் 0.06 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது என்கின்றன. பிளாங்க் 2018 தரவும் அன்றைய விண்மீன்திரள் பரவல் அளவீடுகளும் சேர்ந்து 0.12ஐத் தாண்டாது என்றன. ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, தொடக்க அளவு தெரிய வேண்டும். முதல் விண்மீன்கள் விடுவித்த எலக்ட்ரான்கள் பின்னணி ஒளியில் எத்தனை பங்கைச் சிதறடித்தன என்பதை நன்றாக அளக்காமல் அது தெரியாது. அந்த அளவீடு வானத்தின் மிகப் பெரிய கோணங்களில் கிடைப்பது. நம் தொலைநோக்கிகள் அங்கேதான் பலவீனம்.