வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குச் செல்லும் பைபர் படகுகளை நாம் அறிவோம். அவற்றுள் காற்றால் குளிரும் டீசல் இன்ஜின் பூட்டியவையும் உண்டு. அந்த இன்ஜினின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக உலோகத் தகடுகள் இருக்கும். கணிப்பொறியின் கிராபிக்ஸ் கார்டிலும் இவை போன்ற தகடுகள் உள்ளன. அங்கு இதற்கு 'ஹீட் சிங்க்' என்று பெயர். இவற்றால் மெய்யாகவே பயன் உண்டா?

கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்திற்கு 10 செ.மீ. உள்ள சதுரப் பரப்பு 100 சதுர செ.மீ. ஆகும். அதன்மேல் 3 செ.மீ. உயரமுள்ள 10 மெல்லிய தகடுகளை நிறுத்துவோம். ஒவ்வொரு தகட்டின் இரு பக்கங்களும் சேர்ந்து 60 சதுர செ.மீ.; பத்துக்கும் 600. ஆகவே காற்றுபடும் பரப்பு ஏறக்குறைய 7 மடங்காகிறது. பரப்பு கூடினால் வெப்பம் விரைந்து வெளியேறும்.

கணிப்பொறியின் மெமரிச் சில்லில், செய்திகள் நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னூட்டமாகத் தங்கியுள்ளன. ஓட்டைக் குடத்து நீர்போல் அது கசிந்துகொண்டே இருக்கும். எனவே பல வகை மெமரிகளில் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை அதை மீண்டும் நிரப்புகிறார்கள். வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசிவு மிகும். அப்போது அவற்றை 32 மில்லி வினாடிக்குள் நிரப்ப வேண்டும். சூடு எல்லை மீறினால் திரையில் தவறான புள்ளிகள் தோன்றும். கணிப்பொறி நின்றும் போகலாம். அத்தகைய சில்லுக்குத் தகடு நிச்சயம் உதவும். ஏற்கெனவே குளிர்ச்சியாக உள்ள சில்லுக்கோ அதனால் பெரும் பயன் இல்லை. வேகமும் தானாகக் கூடிவிடாது.

தகடு பயன்தர மூன்று நிபந்தனைகள் உள்ளன:

1. தகடு சூடான பொருளுடன் நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும். இடையில் காற்று புகுந்தால் வெப்பம் எளிதில் கடக்காது.

2. தகடுகளுக்கிடையே காற்று ஓட வேண்டும். இதற்காகவே விசிறி வைக்கிறார்கள்.

3. தகடுகள் தூய்மையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையே நம் கரையோர மக்களுக்கு மிக முக்கியம். உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் மீன் செதிலும் இன்ஜின் தகடுகளின் இடைவெளியை அடைத்துவிட்டால் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். அலை உடையும் முகத்துவாரத்தில் அவ்வாறு நின்றால் படகு கவிழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே இன்ஜின் ஆறியபின் தூரிகையால் தகடுகளைத் துடைக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜின்மீது குளிர்ந்த நீரை ஊற்றுதல் கூடாது. உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் விழக்கூடும்.

படகிற்கும் கணிப்பொறிக்கும் பொதுவான இந்த அறிவியலை நாம் கற்றதோடு நில்லாமல், கடலுக்குச் செல்லும் நம் தந்தையர்க்கும் அண்ணன்மார்க்கும் எடுத்துச் சொல்வோமாக.