இருவர் செல்லும் நெய்தல் நெறி

தமிழ் இலக்கியத்துள் செலவு என்னும் சொல் பெரும்பாலும் தனியொருவன் போக்கையே குறித்து நிற்கின்றது. ஓதல் பற்றியும், தூது பற்றியும், பகை பற்றியும், பொருள் பற்றியும் ஆடவன் மனை நீங்கிப் போகின்றான்; பெண் வாயிலில் நின்று நாள் எண்ணுகின்றாள். பாலைத்திணைப் பாட்டுக்களுட் பல இந்நிலையிற் பிறந்தனவே. இவற்றைக் கற்கும் மாணவன், ‘நம் முன்னோருள் ஆணும் பெண்ணும் ஒருங்கு வழிச்சென்ற வழக்கம் இல்லையோ?’ என ஐயுறுதல் இயல்பு. அவ்வையத்தை நீக்குதலும், அங்ஙனம் ஒருங்கு சென்றோரிடமிருந்து, இக்காலத்தே பஸ் வண்டியேறிக் கடற்கரையூர்களைக் காணச் செல்லும் கணவன் மனைவியர் கற்கத்தக்கவை யாவை எனக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. உடன் சென்றோர்

ஒருங்கு செல்லுதலை நம் நூல்களிலே மூன்று வகையாகக் காணலாம். முதலாவது உடன்போக்கு. பெற்றோர் இசையாவிடத்துத் தலைவி தான் விரும்பியவனோடு சுரம் கடந்து செல்லுதல் அது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் இடைச்சுரத்து நிகழ்ச்சிகளுக்கென ஒரு பத்தும், அவர்கள் மீண்டு வருதலைக் கூறும் மறுதரவுப் பத்தும் உள்ளன. சென்றோர் திரும்பி வருதலையும் புலவர் தனித்து வைத்துப் பாடியது கருதற்குரியது. போக்கு மட்டும் செலவன்று. நலமே மீளுதலும் செலவின் பகுதியே என்பது இதனாற் போதரும்.

இரண்டாவது, கோவலனும் கண்ணகியும் புகாரினின்று மதுரைக்குச் சென்றது. பொழுது புலருமுன் புறப்பட்ட அவ்விருவரும் காவத வழி கடந்து இளைப்பாறுங்கால், நடந்து பழகாத கண்ணகி, மதுரை மூதூர் எங்குள்ளது என வினவினாள். கோவலன் விடை கூறிய திறம் நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவது. உண்மைத் தொலைவு முப்பது காதம். அவன் ஆறு, ஐந்து என்னும் இரண்டு எண்களை அடுத்து வைத்து, பெருக்கினால் முப்பதாகவும், கேட்பவள் செவிக்கு ஆறோ ஐந்தோ காதமாகவும் தோன்றுமாறு சொல்லிச் சிரித்தான். அது பொய்யன்று; முழு மெய்யுமன்று. அவள் மனம் தளராதிருக்கவே அங்ஙனம் கூறினான் என்பது உண்மை. ஆயினும், வழியின் நீளத்தை ஒருவரே அறிந்து மற்றவர் அறியாது நடக்கும் நடை ஒத்த நடை ஆகுமோ? இவ்வினாவை ஈண்டு நிறுத்தி மேலே செல்வோம்.

மூன்றாவது, ஆற்றுப்படை நூல்களிற் காணும் பாணர் செலவு. நம் பொருளுக்கு மிகவும் அணித்தாயது இதுவே. அவற்றுள்ளும் கடற்கரை வழியைத் தெளிவாகக் காட்டுவது சிறுபாணாற்றுப்படை.

2. நத்தத்தனார் காட்டும் வழி

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய இந்நூல் 269 அடிகளால் இயன்றது. பாணனும் விறலியும் சுற்றமும் வழிச்செல்கின்றனர். நடந்து மெலிந்த விறலியரின் அடிகளை இளையோர் மெல்ல வருடிக்கொடுக்க, அவர்கள் மர நிழலில் அமர்ந்திருக்கும் காட்சியோடு செலவு தொடங்குகின்றது. நெடுவழியிற் செல்லும் பெண்ணின் கால் வலியைப் புலவர் முதற்கண் எண்ணினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பரிசில் பெற்று மீண்ட பாணன், முன்னர்த் தன் மனையிலிருந்த வறுமையை மறையாது உரைக்கின்றான். குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைத்து, அயலார் காணாதபடி கதவை அடைத்து, சுற்றத்தோடு உண்ட நிலை அது. அந்நிலையினின்று புறப்பட்ட குடும்பத்துக்குப் புலவர் சொல்லும் வழியில், ஊர்தோறும் உணவு காத்திருக்கின்றது. கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் பரதவர் பழந்தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். முல்லை நிலத்து வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமானின் சூட்டிறைச்சியும் கிடைக்கும். மருத நிலத்து ஆமூரில் உழவர் வெண்சோற்றோடு நண்டுக் கலவை படைப்பர். இறுதியில் நல்லியக்கோடன் தானே அருகில் நின்று உண்பித்து, ஊர்தியும் தந்து விடுப்பான். நடந்து சென்றோர் ஊர்தியில் மீள்வர்.

கடற்கரையைப் பாடுமிடத்து நத்தத்தனார் கண்ட நுட்பங்கள் இரண்டைக் குறிப்பிடுதல் தகும். அலைகள் கொணர்ந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள கட்டைகள், ஒட்டகங்கள் படுத்து உறங்குவனபோற் கிடக்கின்றன. நுளைமகள் அவற்றை விறகாக்குகின்றாள். உப்பு வணிகரின் வண்டியொடு வந்த குரங்கு, அவர்தம் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகின்றது. வழிச்செல்வோன் அரசன் மாளிகையை மட்டும் அன்றி, விறகையும் குரங்கையும் காணுதல் வேண்டும் என்பது புலவர் கருத்துப் போலும்.

3. இக்காலத்து நெறி

எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என அறிஞர் பலர் கொள்வர். கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்தது. ஆகவே புலவர் காட்டிய நிலத்தின் ஊடாகவே இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கின்றது. சென்னைத் திருவான்மியூரில் பஸ் ஏறி வேளாங்கண்ணிவரை ஊர் ஊராக இறங்கிச் செல்லின், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இவ்வழியை ஐந்து நாளில் அமைதியாகக் காணலாம்.

முதற்கண் ஓர் உண்மை. கடற்கரைச் சாலை என்னும் பெயர் கேட்டு, வண்டியிலிருந்தவாறே கடலைக் கண்டுகொண்டு செல்லலாம் எனக் கருதுவோர் ஏமாறுவர். முட்டுக்காட்டுக் கழியும், சவுக்குத் தோப்புக்களும், மரக்காணத்து உப்பளங்களுமே கண்ணுக்குப் புலனாகும். கடல் பெரும்பாலும் மறைந்தே வரும். இறங்கி நடப்போர்க்கே கடல் உண்டு. தெற்கு நோக்கிச் செல்லுங்கால் கடல் இடப்புறம் ஆகலின், காலை வெயிலும் அப்புறமே விழும்; வெயில் தாங்காதார் வலப்புறத்து இருக்கையைக் கொள்க.

முதல் நாள் மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் இராசசிம்ம பல்லவன் காலத்தது. 1984 முதல் இவ்வூர்ச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. விரைவுப் பஸ்கள் பல ஊருக்குட் புகாமல் சாலைப் பிரிவிலேயே நிறுத்திவிடும். ஆதலின் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுத் தெளிதல் நன்று. இரண்டாம் நாள் ஒல்லாந்தர் கோட்டையுள்ள சதுரங்கப்பட்டினமும், கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டையும், மரக்காணமும் கண்டு புதுச்சேரி சேரலாம். கடப்பாக்கம் இன்றும் இடைக்கழிநாடு என்னும் பேரூராட்சியைச் சார்ந்ததே. நத்தத்தனாரின் நாட்டுப் பெயர் பெயர்ப்பலகையில் வாழ்ந்திருத்தல் தமிழ் மாணவர்க்குப் பேருவகை தருவதாம். ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1760 இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. அதன் சுவரருகே நிற்பின், கழியும் மணற்றிட்டும் அப்பாற் கடலும் ஒருங்கு தோன்றும்.

மூன்றாம் நாள், உரோமானியப் பண்டங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரிக்கமேட்டைக் கண்டு, கடலூர் வழியே சிதம்பரம் செல்க. நான்காம் நாட் காலையில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் இருவரும் ஒரு படகில் அமர்ந்து செல்லலாம். பின்னர்க் கொள்ளிடம் கடந்து, சீர்காழி வழியே பூம்புகார். கோவலனும் கண்ணகியும் புறப்பட்ட ஊர் இதுவேயாகலின், இங்கே சிறிது நேரம் பேசாதிருத்தலும் ஒரு காட்சியே. அன்று மாலைக்குள் தரங்கம்பாடியை அடையலாம். டேனியர் 1620 இல் கட்டிய கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. 1706 இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழில் ஆக்கிய புதிய ஏற்பாடு 1715 இல் இவ்வூரிலேயே அச்சேறியது. ஐந்தாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன கரை இது. இங்குள்ள நினைவிடங்களின் அருகே ஆரவாரம் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் மிகுதி. தை, மாசித் திங்களே தக்க காலம்.

4. சில நெறிமுறைகள்

முதலாவது, சுமை. மலைபடுகடாத்தில் கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பலாக்காய்க் கொத்துப்போல் தொங்குமாறும், இரு புறமும் நிறை ஒத்திருக்குமாறும் சுருக்கிக் கட்டிச் சுமந்தனர் எனப் பெருங்கௌசிகனார் கூறுவர். இக்காலத்து முதுகுப்பைக்கும் இவ்விதியே போதும். ஆளுக்கு ஒரு பை. மடிமேல் வைத்துக்கொள்ளத்தக்க அளவு. இருவர் சுமையும் ஒத்திருத்தல் வேண்டும். ஒருவர் பையில் துணியும் மற்றவர் பையில் தின்பண்டமும் தண்ணீரும் என்று பிரித்தல் தவறு. நெரிசலில் இருவரும் வேறு வேறு வாயிலில் ஏற நேரின் ஒருவர் தாகத்தோடு செல்வர்.

இரண்டாவது, பணம். கட்டணச் சில்லறையை இருவரும் வைத்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்டிர்க்குக் கட்டணம் இல்லை. நெடுந்தொலைப் பஸ்களுக்கு இது பொருந்தாது. தங்கும் விடுதிகளில் இருவரிடத்தும் அடையாள அட்டை கேட்பர்.

மூன்றாவது, ஓய்வு. நிழலில் அமர்ந்து கால் வருடிய பாணர் சுற்றத்தை நினைக்க. ஒரு நாளைக்கு மூன்று ஊர்களுக்கு மேல் எண்ணுதல் கண்ணுக்கு ஆசை, காலுக்குத் துன்பம்.

நான்காவது, உண்மை. அடுத்த ஊர் எத்துணைத் தொலைவு, கையிருப்பு எவ்வளவு, கடைசிப் பஸ் எப்பொழுது என்னும் மூன்றையும் இருவரும் ஒப்ப அறிந்திருத்தல் வேண்டும். மேலே நிறுத்திய வினாவுக்கு விடை இதுவே. அன்பினால் மறைத்தலும் மறைத்தலே. மறைக்கப்பட்டவர் துணையாகாது சுமையாகி விடுகின்றார்.

5. ஒரு தடையும் விடையும்

‘இவையெல்லாம் செல்வர்க்கு உரியன, மேலும் மனையாளை ஊர் ஊராக அழைத்துத் திரிதல் நம் மரபன்று’ என்பார் உளர். அவர் தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைப்பர். பெண்ணோடு முந்நீர் கடந்து செல்லுதல் வழக்கமன்று என ஆசிரியர் கூறியுள்ளார் அன்றோ என்பர். அந்நூற்பா கடல்வழிச் செலவைப் பற்றியது. கரைவழிச் செலவைத் தடுப்பதன்று. அன்றியும், அதே நூலின் கற்பியலில், ஆறும் குளமும் சோலையும் ஆடித் தம் ஊர் எல்லையைக் கடந்து இன்பம் நுகர்தலும் உரியது என ஆசிரியர் உடன்பட்டுள்ளார். இதனைக் காட்டாது முன்னதை மட்டும் காட்டுதல் நடுநிலை ஆகாது. செல்வர்க்கே உரியது என்னும் தடைக்கோ, உப்பில்லாக் கீரை உண்டு புறப்பட்ட பாணனும் விறலியுமே விடையாவர்.

இத்தடை ஏட்டளவில் நிற்பதாயின் இவ்வளவு கூற வேண்டுவதில்லை. எம் அத்தையாரின் கணவர் இச்சாலையிலேயே பல்லாண்டு பஸ் நடத்துநராயிருந்தவர். சென்னைக்கும் புதுவைக்கும் இடைப்பட்ட நிறுத்தங்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். அத்தையாரோ அவ்வூர்களின் பெயர்களைக் கணவர் வாயிற் கேட்டறிந்ததன்றிக் கண்ணாற் கண்டதில்லை. ‘ஓய்வு பெற்றபின் போவோம்’ என்பது அவ்வீட்டில் வழங்கிய சொல். ஓய்வு வந்தபொழுது மாமாவுக்கு முழங்கால் நோயும் உடன் வந்தது. சென்ற மாசியில், இனித் தாழ்த்தலாகாது என எண்ணி, இருவரும் இரண்டு சிறு பைகளோடு புறப்பட்டனர். மரக்காணத்தை அணுகுங்கால், உப்பளங்களில் வெண்மணல்போற் குவிந்த உப்பைக் கண்ட அத்தையார், ‘முப்பது வருஷமாக இதைத் தினம் பார்த்துவிட்டா வீட்டுக்கு வந்தீர்கள்?’ என்றாராம். அவ்வினாவில் மகிழ்ச்சி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்பதை எம்மால் அளந்து கூற இயலவில்லை. மாமா விடை கூறாது, அடுத்து வரும் நிறுத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைவோடு சொல்லிக்கொண்டே சென்றாராம். வேளாங்கண்ணிவரை செல்ல முழங்கால் இடந்தரவில்லை, புதுவையோடு மீண்டனர்.

இன்று இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இல்லறத்தார். எம்போன்ற மாணவர் இனி ஆவோர். இருவர்க்கும் கூறத்தக்கது ஒன்றே. பெருஞ்செலவு வேண்டா, பெரும்பொழுதும் வேண்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், இரண்டு பைகளும், ஒத்த நடையும் உளவாயின் நெய்தல் நெறி திறந்தே கிடக்கின்றது. உடன் வருவார் உடன் வரவல்ல காலத்தே அழைத்துச் செல்லுதல் கடனாம்.