மெழுகுதிரித் தொழில்: முதலில் கணக்கு

வாழ்வாதார உதவிப் பணம் கிடைத்ததும் அச்சு வாங்க ஓடாதீர்கள். ஒரு கொப்பியை எடுங்கள். 10 கிலோ மெழுகில் 50 கிராம் மெழுகுதிரிகள் 200 வார்க்கலாம். கணக்கில் 180 என்றே எழுதுங்கள். உடைந்ததை மீண்டும் உருக்கலாம், எரித்த விறகு திரும்ப வராது. மெழுகு, திரிநூல், பெட்டி, விறகு, பஸ் காசு எல்லாவற்றையும் கூட்டி 180 ஆல் பிரியுங்கள். உங்கள் கூலியையும் சேருங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

கடைக்காரர் பெரும்பாலும் கடனுக்கே எடுப்பார். அந்தக் காசு வரும்வரை அடுத்த மெழுகுக்குக் கையில் பணம் வேண்டும். ஆகவே ஓர் அச்சுடன் தொடங்கி, இரண்டு தடவை மெழுகு வாங்கப் பணத்தை ஒதுக்குங்கள்.

மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா நல்ல சந்தை. ஆனால் அந்த மாத விற்பனையை வைத்து வருடக் கணக்குப் போடாதீர்கள். செப்டெம்பர் வீட்டுச் செலவையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.